தகரப் பெட்டியில் சுருட்டை

அத்தியாயம் 3

கவிழ்த்து வைத்த அலுமினியச் சட்டி. அதன் மேல் ஒரு பாறாங்கல். அந்தப் பாறாங்கல்லின் மேல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கல்.

சட்டியைச் சுற்றி, நன்றாகத் தள்ளி, மொரான் வீரர்கள் நின்றிருந்தார்கள். செம்மண் பூசிய கூந்தல், கழுத்து நிறைய மணிமாலை, கையில் ஈட்டி. மாட்டைப் பிடிக்க வந்த சிங்கத்தின் முகத்துக்கு நேரே நடந்து போகிற கூட்டம் அது. இன்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், சட்டிக்குள்ள பாம்பு இருக்கா, பட்டாளம் இருக்கா?" என்றான் பர்சலோய், மோட்டார் சைக்கிளை வேலமரத்தில் சாய்த்தபடி.

கலோண்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். இசியோலோவில் மெக்கானிக் கடை மாடியில் ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் ஒரு பாம்புப் பண்ணையில் வேலை. அங்கே மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்; பாம்புகளோடு ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பர்சலோய் அவளுடைய உதவியாளன். இந்தச் சம்புரு மண்ணில் பிறந்து, மொரானாக ஈட்டி பிடித்து, பாதியில் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியவன்.

காணாமல் போன ஒட்டகத்தை நேற்றுத்தான் வம்பா என்ற ஊரில் கண்டுபிடித்திருந்தார்கள். இன்று காலையாவது தூங்கலாம் என்று நினைத்தபோது நைசுலாவின் போன் வந்தது. "உடனே வாங்க. என் பாம்பு வீட்டை எரிக்கப் போறாங்க."

குடை பிடித்த வேலமரத்தின் கீழே குட்டை முக்காலிகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லெகிசாட். நீளமான கோலும், அதைவிட நீளமான மௌனமும் கொண்டவர்.

"அப்பா, மாடெல்லாம் சௌக்கியமா?" என்று குனிந்தான் பர்சலோய். அவன் அப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் அவனுக்கு அப்பாதான்.

"மாடு சௌக்கியம். நீதான் மெலிஞ்சுட்டே. டவுன்ல பால் குடுக்க மாட்டாங்களா?"

"குடுக்கறாங்கப்பா. பாக்கெட்ல."

"பாவம்" என்றார் லெகிசாட் உண்மையான வருத்தத்தோடு. பிறகு கலோண்டுவைப் பார்த்தார். "நீதான் பாம்பு தெரிஞ்ச போலீஸா?"

"போலீஸ் இல்லைங்க. பாம்பு தெரியும்."

"பாம்பு தெரிஞ்சவ எங்க ஊர்லயும் ஒருத்தி இருக்கா. அவளாலதான் இந்த வம்பு."

கோல் திரும்பிய திசையில் நைசுலா தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மடியில் பாம்பு பிடிக்கிற கொக்கிக் கோல். குடிசைக்குள் பாம்பு வந்தால் ஊர் அவளைத்தான் கூப்பிடும். பிடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் விடுவாள். அடிபட்டதை ஊர் ஓரத்தில் இருக்கிற பாம்பு வீட்டில் வைத்துத் தேற்றுவாள்.

"என்ன நடந்தது?" என்றாள் கலோண்டு.

"நான் சொல்றேன்!" ஓங்கிய குரலோடு ஒருவன் முன்னே வந்தான். லெங்கேஸ். மொரான்களின் வாய் என்று அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இனிமேல் சபையில் அவர்கள் எல்லோருக்காகவும் அவன்தான் பேச வேண்டும். "காலையில என் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ள சுருட்டை விரியன்! கடிச்சா ரத்தம் நிக்காத ஜாதி. பூட்டின பெட்டி. சாவி இதோ, என் கழுத்துல. பாம்பை வீட்ல வெச்சிருக்கறவளைத் தவிர வேற யார் கொண்டாந்து போடுவா?"

"அப்புறம் என்ன பண்ணினே?" என்றான் பர்சலோய்.

"என்ன பண்ணினேன்னா?"

"பாம்பைப் பாத்ததும்."

கூட்டத்தில் ஒரு தொண்டைக் கனைப்பு. இன்னொன்று. யாரோ சொல்லிவிட்டார்கள்: "துணியை விட்டுட்டு ஓடினான். ஆட்டுப் பட்டி வரைக்கும்."

"கத்திக்கிட்டே" என்றது இன்னொரு குரல்.

லெங்கேஸின் முகம் செம்மண்ணைவிடச் சிவந்தது. "போன கூட்டத்துலயே இவ என்னை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினா. பாம்புக்கும் கயித்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எங்களுக்கு வாயான்னு கேட்டா. இப்பப் பழி வாங்கிட்டா!"

"கேட்டேன்" என்றாள் நைசுலா. "இப்பவும் கேக்கறேன்."

லெகிசாட் கோலைத் தரையில் ஊன்றினார். "மாடு பட்டிக்குத் திரும்பும்போது நாங்க முடிவு சொல்லணும். இவதான் போட்டான்னா, பாம்பு வீடு எரியும். இவ ஊரை விட்டுப் போவா. எங்க சாபமும் இவ கூடப் போகும்."

சம்புரு பெரியவர்களின் சாபம் என்றால் பர்சலோய்கூடப் பகடி பேசமாட்டான்.

கலோண்டு நேரே சட்டியிடம் போனாள். மேல் கல்லை எடுத்தாள். கீழ்க் கல்லை எடுத்தாள். மொரான்கள் ஒட்டுமொத்தமாகப் பின்வாங்கினார்கள். சட்டியைத் தூக்கினாள்.

பழுப்பு நிறம், முதுகில் கரும் புள்ளி வரிசை. சட்டென்று உடம்பை வளையம் வளையமாக மடித்தது. வளையங்கள் ஒன்றோடொன்று உரசின. சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சர்ர்ர் என்ற சத்தம். கலோண்டுவின் கை நெருங்கியதும் பாய்ந்து கொத்தியது. வாய் திறந்தபோது உள்ளே மை பூசிய மாதிரி கறுப்பு.

"பாத்தீங்களா! வாய்க்குள்ள கறுப்பு! மாம்பா!" என்றான் லெங்கேஸ்.

"டேய், ஒண்ணை முடிவு பண்ணுடா. சுருட்டையா, மாம்பாவா? சாவுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட நாங்க எதைச் சொல்றது?" என்றான் பர்சலோய்.

கலோண்டு பாம்பின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தன் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டாள்.

ஒரு கிழவர் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பாம்பு விரலைச் சப்பியது. கொஞ்ச நேரம் சப்பிவிட்டு, இது தனக்கான பண்டம் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டது.

"பல்லு இருந்தாத்தானே கடிக்கும்" என்றாள் கலோண்டு. "வந்து பாருங்க. தலையும் கழுத்தும் ஒரே அகலம், விரல் மாதிரி. அசல் சுருட்டைக்குத் தலை மண்வெட்டி மாதிரி அகலமா இருக்கும், கழுத்து ஒடுங்கியிருக்கும். இது முட்டைத்தின்னி. பறவை முட்டையைத் தவிர இந்த உலகத்துல எதையும் தின்னத் தெரியாது. யாராவது பக்கத்துல வந்தா சுருட்டை மாதிரி வேஷம் கட்டும். அந்த வேஷத்தை நம்பித்தான் உயிரோட இருக்கு."

"எங்க ஊர்ல எல்லாரையும் நம்ப வெச்சிடுச்சே. இதையே வாயா தேர்ந்தெடுத்திருக்கலாம்" என்றான் பர்சலோய்.

சிரிப்பு வெடித்தது. நைசுலாகூடச் சிரித்தாள். லெகிசாட் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ இதுல விஷம் இல்லை."

"துளிகூட இல்லைங்க."

"விஷம் இல்லாததுன்னு பாத்ததும் சொல்லத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்?"

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்களும் நைசுலாவின் மேல் போய் விழுந்தன.

"கொல்லணும்னு அசல் சுருட்டையைப் போட்டிருந்தா, அவனை ஒரு எதிரியா மதிச்சிருக்கான்னு வெச்சுக்கலாம்" என்றார் லெகிசாட் மெதுவாக. "பல்லில்லாத பாம்பைப் போட்டு, மொரான்களோட வாயைத் துணியில்லாம ஓட விட்டிருக்கா. இது எங்க எல்லாரையும் பண்ணின கேலி. இதுக்கு மன்னிப்புக் கிடையாது."

பர்சலோய் கலோண்டுவின் காதருகே குனிந்தான். "மேடம், கேஸ் தொளதொளன்னு இருந்தது. நாம வந்து நல்லா இறுக்கிக் கட்டிக் குடுத்துட்டோம்."

"பெட்டியைப் பாக்கணும்" என்றாள் கலோண்டு, பாம்பைத் திரும்பச் சட்டியால் மூடியபடி.

"முடியாது!" லெங்கேஸின் பதில் பாம்பைவிட வேகமாக வந்தது. "மொரான் பெட்டியைப் பொம்பளைங்க பாக்கக் கூடாது."

"இப்படி ஒரு வழக்கம் எப்ப வந்தது? நானும் மொரானா இருந்தவன்தானே!" என்றான் பர்சலோய்.

"நீ பாதியில ஓடினவன். மீதியை நீ கேக்கலை."

லெகிசாட் இரண்டு பேரையும் பார்த்தார். "பெட்டியை அவ பாக்க வேண்டாம். நீ போய்ப் பாரு."

லெங்கேஸின் அம்மாவின் குடிசை இருட்டாக, புகையும் பாலும் கலந்த வாசனையோடு இருந்தது. பர்சலோய் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் கழித்து வெளியே வந்தான். டீயும் குடித்திருந்தான்.

"பெட்டியோட அடிமூலை துருப்பிடிச்சு ஓட்டை. கட்டை விரல் போகும். பாம்பு பூட்டைத் தொடாமலே உள்ள போயிருக்கலாம்."

"உள்ள என்ன இருந்தது?"

"துணி, செம்மண் பொடி, கண்ணாடி. நான்யுக்கி டவுன்ல வாட்ச்மேன் வேலை பாத்தப்ப இவனுக்குக் குடுத்த தொப்பி, டார்ச். ஒரு உப்புப் பொட்டலம். கரி பிடிச்ச சின்ன டப்பா. அப்புறம் இது." ஒரு இலை மடிப்பை நீட்டினான். "மென்னு துப்பின பபிள்கம். மொரானோட வாய் என்னென்ன மெல்லுதுன்னு பாருங்க."

உள்ளே வெள்ளையாக ஏதோ, கசங்கி, நீளவாக்கில் சுருண்டு கிடந்தது. கலோண்டு அதை நகத்தால் பிரித்தாள். நொறுங்கின ஓடு. ஒரு துண்டுகூடச் சிதறாமல், உள்தோல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"இது நம்ம பாம்பு குடுத்த ரசீது."

"எதுக்கு?"

"சாப்பிட்டதுக்கு. முட்டையை முழுசா விழுங்கும். தொண்டைக்குள்ள எலும்பால அறுத்து நசுக்கிச் சாறைக் குடிக்கும். அப்புறம் ஓட்டை இப்படிச் சுருட்டி வெளிய துப்பிடும். அதிக நேரம் வயித்துல வெச்சுக்காது. அதனால..."

"பெட்டிக்குள்ளதான் தின்னிருக்கு." பர்சலோயின் கண்கள் விரிந்தன. "லெங்கேஸ் பெட்டிக்குள்ள முட்டையா? மேடம், சத்தம் போடாதீங்க. இந்த ஊர்ல பறவையையும் அதோட முட்டையையும் மனுஷன் வாயில வைக்க மாட்டான். இவன் அப்பா காதுல விழுந்தா, இவனை விட்டுட்டு அந்தப் பாம்பைத் தத்து எடுத்துப்பார்."

"முட்டையை வெச்சுப் பாம்பை உள்ள இழுத்தது நைசுலாதான்னு பெரியவர் கேட்டா?"

பர்சலோய் இலை மடிப்பை அவசரமாக மூடினான். "கேப்பார். அவருக்கு நம்மளவிட மூளை அதிகம்."

"முட்டை எங்கேருந்து வந்ததுன்னு பாப்போம். வா."

பாம்பு வீடு என்பது கல் சுவர் எழுப்பித் தகரம் போட்ட ஒரே கூடம். வெளிச்சுவர் முழுக்க நைசுலா வரைந்த படங்கள். தொட்டால் உடம்பை உப்ப வைத்துச் சீறும் ஊதுவிரியன், கண்ணைக் குறிவைத்து விஷம் துப்பும் சிவப்பு நாகம், பேருக்குத்தான் கறுப்பாக இருந்து உடம்பெல்லாம் சாம்பலான மாம்பா. கீழ் வரிசையில் தவளைகள். கறுப்பு உடம்பில் இரண்டு சிவப்புப் பட்டை போட்ட ஒன்றின் பக்கத்தில் கை வீங்கின மனிதனின் படம்.

"இது துள்ளாதுங்க, நடக்கும்" என்றாள் நைசுலா, காவலுக்கு வந்த மொரானைக் கண்டுகொள்ளாமல். "தொட்டுட்டுக் கண்ணைக் கசக்கினா அவ்வளவுதான். குழந்தைங்களுக்கு முதல் பாடமே இதுதான்."

கலோண்டு பின்கட்டுக்கு நடந்தாள். முள்வேலிக்குள் புள்ளிக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் கூண்டில் ஒரு பெரிய உடும்பு, காலில் கட்டோடு, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி அவர்களைப் பார்த்தது.

"கோழி எதுக்கு?"

"இவருக்குத்தான். லாரியில அடிபட்டுட்டார். முட்டை குடுத்தாத்தான் தேறுவார். ஊர்ல முதல்ல சத்தம் போட்டாங்க. பாம்பு வீட்டுத் தீனிதானேன்னு விட்டுட்டாங்க." அவள் பெருமூச்சு விட்டாள். "ஆனா இவருக்கு எங்க கிடைக்குது? மழை பெஞ்சதுலேருந்து ஒரு முட்டைத்தின்னிப் பாம்பு வந்து எல்லாத்தையும் காலி பண்ணிடுது. நானும் எத்தனை ராத்திரி டார்ச்சோட முழிச்சுப் பாக்கறேன், ஆள் சிக்கவே மாட்டேங்குது."

"துப்பின ஓடு எங்கே?"

"என்ன ஓடு?"

"முட்டைத்தின்னி துப்பற ஓடு. இத்தனை முட்டை போயிருக்குன்னா இங்க ஓடு இறைஞ்சு கிடக்கணுமே."

நைசுலா வேலிக்குள் பார்த்தாள். கூட்டடியில் பார்த்தாள். பிறகு கலோண்டுவைப் பார்த்தாள். அவள் கை தானாக எழுந்து தன் நெற்றியில் ஓங்கி அறைந்தது.

"ஒண்ணுகூட இல்லை! ஐயோ, நான் எவ்வளவு பெரிய மடச்சி! இங்க யாரும் முட்டை தொட மாட்டாங்க, அப்ப பாம்புதான்னு..."

"பாம்பு பண்ணினதை உன் மேல போட்டாங்க. ஆள் பண்ணினதை நீ பாம்பு மேல போட்டே. கணக்கு நேராயிடுச்சு."

"அக்கா, கூட்டுக்குள்ள ஒரு முட்டையாவது மிச்சம் இருக்கான்னு பாக்கறேன்" என்று பர்சலோய் வைக்கோலுக்குள் கையை நீட்டினான்.

"அசையாதே."

கலோண்டு உரக்கச் சொல்லவில்லை. அதனால்தான் அவன் கல்லாகிப் போனான்.

சர்ர்ர்.

வைக்கோலுக்குள் பழுப்பு வளையங்கள் உரசிக்கொண்டிருந்தன. அவன் விரல் நுனிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

"இதுவும் வேஷம்தானே மேடம்?" அவன் உதடு மட்டும் அசைந்தது.

"தலையைப் பாரு. எப்படி இருக்கு?"

"மண்வெட்டி."

"கழுத்து?"

"ஒடுங்கி இருக்கு. மேடம், எனக்கு இந்தப் பாடம் புரிஞ்சிடுச்சு. பரீட்சை வேணாம்."

நைசுலாவின் கொக்கி குறுக்கே வந்தது. வைக்கோலோடு அள்ளி, வாளிக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள். எல்லாம் ஒரே அசைவில் முடிந்தது. பர்சலோய் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அசல் சுருட்டை" என்றாள் நைசுலா. "கூட்டுக்குள்ளயே குடியிருந்திருக்கு. அந்தப் பயலுங்க இருட்டுல இதுக்குள்ள கைய விட்டிருக்கானுங்க."

"பயலுங்களா? ஏன் அப்படிச் சொல்றே?"

"ஒருத்தன் இவ்வளவு முட்டை தின்னா வயிறு வெடிச்சிருக்கும்."

கலோண்டு தரையில் குந்தினாள். மழையில் நனைந்து காய்ந்த மண். ரப்பர் பூட்ஸ் தடங்கள் நைசுலாவுடையவை. அவற்றின் மேலும் கீழுமாக வேறு தடங்கள்.

பர்சலோய் எட்டிப் பார்த்தான். "என்ன மேடம் இது, கோழிக் கூட்டுக்கு லாரி வந்திருக்கு. பின்னாலேயே மோட்டார் சைக்கிள். இது லேண்ட்ரோவர்."

"நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். பிறகு தன் காலைத் தூக்கித் தன் செருப்பைப் பார்த்தான். பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. ஊரில் பூட்ஸ் போட்ட நைசுலாவைத் தவிர எல்லோர் காலிலும் அதுதான். எந்த வண்டியின் டயரோ, அந்த வண்டியின் தடம்.

"அடப்பாவிகளா" என்றான் பர்சலோய் பக்தியோடு. "ஒரு பஸ் ஸ்டாண்டே வந்து போயிருக்கு."

லெங்கேஸை முள்வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தது பர்சலோய்தான். கலோண்டு ஒன்றும் பேசாமல் இலை மடிப்பைத் திறந்து காட்டினாள். அவன் கால் செருப்பைக் குனிந்து பார்த்தாள். லாரி.

பெரிய குரல்காரன் ஒரு நிமிஷத்தில் சிறுத்துப் போனான்.

"நான்யுக்கில ராத்திரி வாட்ச்மேன் வேலை மேடம். கேட்டுக்கு எதிர்ல ஒரு பொம்பளை சப்பாத்திக்குள்ள முட்டை சுருட்டிக் குடுப்பா. குளிரு. பசி. ஒருநாள் தின்னுட்டேன்." எச்சில் விழுங்கினான். "உங்களுக்குத் தெரியாது மேடம், அது என்ன பண்ணும்னு."

"எனக்குத் தெரியும், நான் தினமும் திங்கறேன். பெட்டியில முட்டை இருந்ததுன்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணு மேல ஏன் பழி போட்டே?"

"போடணும்னு நினைக்கலை. கத்திட்டு ஓடினேனா, எல்லாரும் சிரிச்சாங்களா, வாய்ல வந்துடுச்சு. அப்புறம் பெரியவங்க உக்காந்துட்டாங்க. எப்படித் திரும்ப எடுக்கறது?"

"வந்த வழியாவே. கூட யார் யார் தின்னாங்க?"

அவன் நிமிர்ந்தான். "யாரும் இல்லை."

"அங்க மூணு நாலு வண்டித் தடம் இருக்கு."

"யாரும் இல்லை மேடம். நான் தனியாத்தான் தின்னேன்."

பர்சலோய் அவன் தோளைப் பிடித்தான். முகத்தில் விளையாட்டு இல்லை. "தனியாவா? என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

மொரான் பசியில் சாவான். கூட ஒரு தோழன் இல்லாமல் ஒரு வாய் தின்னமாட்டான். முட்டை தின்றவனை ஊர் ஒரு மாதம் கேலி செய்யும். தனியாகத் தின்றவனோடு யாரும் எந்த ஜென்மத்திலும் உட்கார மாட்டார்கள்.

"தெரியும்" என்றான் லெங்கேஸ். "நான் அவங்க வாய். அவங்க பேரை நானே சொல்ல முடியுமா?"

கலோண்டு இலையை மடித்து அவன் கையில் வைத்தாள். "நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீடு எரியவும் விடமாட்டேன். மாடு வர்ற வரைக்கும் உன் நேரம். அப்புறம் என் நேரம்."

தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. செம்புழுதி எழும்பியது. முதல் மாடு பட்டி வாசலில் தலையை நுழைத்தபோது லெகிசாட் எழுந்து நின்றார். மற்றப் பெரியவர்களும் எழுந்தார்கள். சாபம் சொல்லும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது.

நைசுலாவும் எழுந்தாள். வாளி அவள் காலடியில் இருந்தது. அவள் பாம்பு வீட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் ஏற்கெனவே தீக்கட்டையோடு நின்றான்.

"டவுன்காரி, ஏதாவது கண்டுபிடிச்சியா?" என்றார் லெகிசாட்.

கலோண்டு வாயைத் திறந்தாள்.

"நான் பேசணும்" என்றது ஒரு குரல்.

லெங்கேஸ் நடுவில் வந்து நின்றான். இலை மடிப்பைப் பெரியவரின் முக்காலியில் வைத்தான். "நைசுலா பாம்பைப் போடலை. அது தானா வந்தது. என் பெட்டியில முட்டை இருந்தது. அவ கோழிக் கூட்டுலேருந்து நான் எடுத்தேன். திங்கறதுக்கு."

அவன் அப்பா தன் மேல்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"யாரோட தின்னே?" என்றார் லெகிசாட்.

"தனியா."

பெண்கள் பக்கம் ஒரு முனகல். லெகிசாட்டின் கை கோலின் மேல் இறுகியது. அவர் உதடு பிரிந்தபோது, பின்வரிசையில் ஈட்டி ஒன்று தரையில் விழுந்தது.

"தனியா இல்லைப்பா." உயரமான ஒரு மொரான் முன்னே வந்தான். அவன் நடந்த வழியில் மோட்டார் சைக்கிள் தடம் பதிந்தது. "நானும் தின்னேன்."

"நானும்." லேண்ட்ரோவர்.

"நான் ரெண்டு தடவைதான்."

"பொய் சொல்றான், தினமும் தின்னான். உப்பு வாங்கிட்டு வந்ததே இவன்தான்."

"டேய், நீ பச்சையாவே குடிச்சவன், நீ பேசாதே!"

காவலுக்கு வந்த மொரானும், நைசுலாவைப் பார்க்காமல், அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். தீக்கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டு மிதித்து அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் சேர்ந்தான். லெகிசாட் விரலை மடக்கிப் பார்த்தார். இரண்டு கையும் தீர்ந்ததும் விட்டுவிட்டார்.

"எருமைங்களா!" என்று வெடித்தாள் நைசுலா. "என் உடும்பு பட்டினி கிடக்கு! நான் ராத்திரி முழுக்க டார்ச் பிடிச்சுக்கிட்டுப் பாம்பைத் தேடறேன்! நீங்க எங்க இருந்தீங்க?"

"வேலிக்குப் பின்னால" என்றான் உயரமானவன் தரையைப் பார்த்து. "உங்க டார்ச் அணையட்டும்னு காத்துக்கிட்டு."

ஒரு கிழவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பர்சலோய் நினைத்தான். இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது முக்காலிக்கு முக்காலி தாவியது. லெகிசாட் மட்டும் கோலைப் பிடித்தபடி, சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"நைசுலா மேல குத்தம் இல்லை" என்றார். "வீடு நிக்கும். நாளைக்கு விடியறப்போ நாங்க பால் தெளிச்சு அந்த வாசலை வாழ்த்துவோம். வேலியை இவங்க முள் வெட்டிக் கட்டுவாங்க." லெங்கேஸ் பக்கம் திரும்பினார். "நீ முட்டை தின்னது உன் வயித்துக்கும் உனக்கும். பொண்ணு மேல பழி போட்டது எங்க எல்லாருக்கும். மொரானோட வாய் பொய் பேசினா எங்க போறது?"

லெங்கேஸ் தலை குனிந்தான்.

"பயம் உன்னைப் பேச வெச்சிடுச்சு. எது கொல்லும், எது கொல்லாதுன்னு தெரியாதவனுக்குத்தான் எல்லாத்தையும் பாத்துப் பயம். அந்தச் சுவர்ல இருக்கற ஒவ்வொண்ணையும் நீ படிக்கணும். உன் கூட்டமும். இவ போதும்னு சொல்ற அன்னிக்குத்தான் நீ வாய். அதுவரைக்கும் வாயை மூடிக்க."

நைசுலாவை ஊரை விட்டு அனுப்ப உயர்ந்த கோல் இப்போது அவள் வார்த்தைக்காகக் காத்திருந்தது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சட்டியில் இருந்ததை இன்னொரு வாளிக்கு மாற்றினாள். இரண்டு வாளிகளையும் மொரான்களின் முன்னால் கொண்டுவந்து வைத்து, மூடிகளைத் திறந்தாள்.

இரண்டிலிருந்தும் சர்ர்ர்.

"மேடம், நாம கிளம்பலாமா? எனக்கு இந்தப் பாடம் முடிஞ்சிடுச்சு" என்றான் பர்சலோய்.

"இரு. பாத்துட்டுப் போவோம்."

லெங்கேஸ் முன்னால் வந்தான். கால் பின்னால் போகப் பார்த்தது, இழுத்து நிறுத்தினான். கொக்கிக் கோலின் நீளம் தள்ளி நின்று இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வேர்வையில் கன்னத்துச் செம்மண் கரைந்து வழிந்தது.

"இது" என்றான் கடைசியில், வலப்பக்கத்து வாளியைக் காட்டி. "தலை அகலம். கழுத்து ஒல்லி. இது கொல்லும்."

நைசுலா மூடியைப் போட்டாள்.

"சரி" என்றாள். "அடுத்தவன் வா."